பட்டத்தை ஒரு வருடம் தள்ளிப்போடலாமா? தண்டையார்பேட்டைத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உன் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களும் படிப்பார்கள் இல்லையா?

நீ தண்டையார்பேட்டை. செங்குன்றம் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. (மின்னணு, தொடர்பியல்) கடைசி ஆண்டு, எட்டாவது செமஸ்டர். சி.ஜி.பி.ஏ., அதாவது பத்துக்குக் கணக்கிடும் சராசரி, 7.4. அரியர், அதாவது தவறவிட்டுப் பாக்கி வைத்த பேப்பர், எதுவும் இல்லை. கேம்பஸில் ஆறு கம்பெனிக்கு உட்கார்ந்தும் ஒன்றும் அமையவில்லை. அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். வீட்டில் நீதான் முதல் பட்டதாரி. வங்கியில் நான்கு லட்சம் கல்விக் கடன். இந்த நேரத்தில் உன் சீனியர் ஒருவர், "ஃபைனல் ரிவ்யூவுக்குப் போகாதே, புராஜெக்ட்டை நிறுத்தி வை. அடுத்த வருஷம் ஜூனியர்களோட சேர்ந்து பிளேஸ்மென்ட்டில் உட்காரலாம், எம்.டெக். சேர்றதுக்கான கேட் தேர்வுக்கும் படிக்கலாம், லோனும் ஒரு வருஷம் தள்ளிப்போகும்" என்று சொல்லியிருக்கிறார். செய்யலாமா என்று கேட்கிறாய். கூடவே, அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படிக்கும் உன் தங்கைக்கு நான்காம் ஆண்டு என்று ஏதோ சொல்கிறார்களே, அது தேவையா என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறாய்.

நான் ராயபுரத்துக்காரன். 14 ஆண்டுகள் ஒரு பொறியியல் கல்லூரியில் வேலைவாய்ப்புப் பிரிவைப் பார்த்துக்கொண்டேன். அதற்கு முன் நானே ஒரு வருடம் தாமதமாகப் பட்டம் வாங்கியவன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். மாணவர்களை நீ என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது, அப்படியே எழுதுகிறேன்.

வேண்டாம் தம்பி. உனக்கு ஒரு வருடம் தேவைப்படலாம், அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் பட்டத்தைக் கையில் வாங்கிக்கொண்டு அந்த வருடத்தை எடு. உன் சீனியர் இரண்டு விஷயத்தை ஒன்றாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார். வேலை தேடவும் படிக்கவும் ஒரு வருடம் எடுப்பது ஒன்று. பட்டம் வராமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. முதலாவதற்கு இரண்டாவது எந்த வகையிலும் தேவையில்லை.

பிளேஸ்மென்ட்டில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். ஒரு கம்பெனி வருகிறது என்றால் முதலில் கேட்பது ஒரு எக்செல் பட்டியல். பெயர், பதிவு எண், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, சி.ஜி.பி.ஏ., ஸ்டாண்டிங் அரியர் (இன்னும் பாக்கி இருப்பது) எத்தனை, ஹிஸ்டரி ஆஃப் அரியர் (முன்பு இருந்து பிறகு முடித்தது) உண்டா, எந்த ஆண்டு முடிப்பார். இவ்வளவுதான் அதில் இருக்கும். அங்கே உட்கார்ந்திருக்கும் எச்.ஆர். அதைத் திறந்ததும் ஃபில்டர் போடுவார். உன் முகத்தை யாரும் பார்ப்பதற்கு முன்பே பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள். 2027-ல் முடிக்கும் பேட்ச் வேண்டும் என்று கேட்டால் 2027 என்று இருப்பவர்கள்தான் நிற்பார்கள். நீயும் 2027 என்று போட்டுக்கொள்ளலாமே என்று நினைக்கலாம். உன் பதிவு எண்ணை ஒருமுறை பார். அண்ணா பல்கலைக்கழகப் பதிவு எண்ணில் முதல் நான்கு இலக்கம் கல்லூரி, அடுத்த இரண்டு நீ சேர்ந்த ஆண்டு, அதற்கடுத்த மூன்று படிப்பு. உன்னுடையதில் 22 என்றும் அதன் பின்னால் 106 என்றும் இருக்கும். 2022-ல் சேர்ந்தவன் 2027-ல் முடிக்கிறான் என்றால், ஐந்து வருடம் என்பதை உன் நெற்றியில் எழுதி ஒட்டியது போலத்தான்.

பெரிய ஐ.டி. நிறுவனங்களின் தகுதி அறிவிப்புகளைப் பொறுமையாகக் கடைசி வரி வரை படித்தால், படிப்பை அதற்குரிய காலத்துக்குள் முடித்திருக்க வேண்டும், 'எக்ஸ்டெண்டட் எஜுகேஷன்' இருக்கக் கூடாது என்ற வரியைப் பார்த்திருப்பாய். படிப்புக்குப் பிந்தைய இடைவெளியைப் பற்றியும் அதே அறிவிப்புகளில் இருக்கும். பல இடங்களில் இரண்டு ஆண்டு வரை இடைவெளி இருந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள், காரணத்தைச் சொன்னால் போதும். கவனித்தாயா? பட்டம் வாங்கிவிட்டு ஒரு வருடம் வீட்டில் இருந்தவனுக்குக் கதவு திறந்திருக்கிறது. படிப்பை இழுத்தவனுக்குத்தான் சாத்தியிருக்கிறது. உன் சீனியரின் யோசனை சரியாக எதிர்ப்பக்கம் போகிறது.

என் 14 வருடத்தில், இப்படி ஓராண்டு நிறுத்திவிட்டு "சார், என்னையும் லிஸ்ட்டில் சேர்த்துக்கோங்க" என்று வந்தவர்கள் உண்டு. சேர்த்து அனுப்பியும் இருக்கிறேன். பெரும்பாலும் அந்தப் பெயர்கள் திரும்பி வரவே இல்லை. ஒரு பையனை மட்டும் நேர்காணல் வரை கொண்டுபோக முடிந்தது. அங்கே, "ஏம்பா அஞ்சு வருஷம்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவன் உண்மையைச் சொல்லிவிட்டான். பிளேஸ்மென்ட்டுக்காக நிறுத்தினேன் என்றான். கேட்டவர் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாராம். முடிவை நான் சொல்லத் தேவையில்லை.

சரி, விதிமுறை என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடு. இதில் உன் சீனியர் சொன்னது முழுப் பொய் இல்லை. பி.இ. படிப்பை எட்டு செமஸ்டரில் முடிக்க வேண்டும், அதிகபட்சம் 14 செமஸ்டர், அதாவது ஏழு ஆண்டு வரை இடம் உண்டு. புராஜெக்ட் ரிப்போர்ட்டைக் குறித்த தேதிக்குள் கொடுக்கவில்லை என்றால் தோல்வி என்று கணக்கு. பிறகு வரும் செமஸ்டரில் மறுபடி பதிவுசெய்து செய்யலாம். ஐந்து ஆண்டுக்குள் முடித்துவிட்டால் முதல் வகுப்பும் போகாது. உன் 7.4-க்கு முதல் வகுப்புக்கும் மேலான டிஸ்டிங்ஷன் கேள்வியே இல்லை, அதற்கு 8.5 வேண்டும், எல்லாவற்றையும் முதல் முறையிலேயே பாஸ் செய்திருக்கவும் வேண்டும். ஆக, காகிதத்தில் பார்த்தால் உனக்குப் பெரிய நஷ்டம் இல்லாத மாதிரிதான் தெரியும். ஆனால் அந்த ஐந்தாம் ஆண்டு உனக்கு ஒரு விளிம்பு. அங்கே காய்ச்சல் வந்தாலும், கைடு மாறிப்போனாலும், உன் பேட்ச் நண்பர்கள் இல்லாமல் தனியாகச் செய்த புராஜெக்ட்டில் ஏதாவது சொதப்பினாலும், அடுத்த அடி முதல் வகுப்புக்கு வெளியே. அரியர் இல்லாமல் நான்கு வருடம் ஓட்டியவன், கடைசிப் படியில் போய் வேண்டுமென்றே ஒன்றை உண்டாக்கிக்கொள்வதா? எனக்கு அது புரியவே இல்லை. உன் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் விதிகள் கொஞ்சம் மாறும், அவர்களுடைய ரெகுலேஷன் புத்தகத்தை வாங்கிப் படித்துக்கொள்.

"ஒண்ணுதானே, அப்புறம் எழுதிக்கலாம்" என்ற பேச்சை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் தெரியுமா? சில ஆண்டுகளுக்கு முன் அண்ணா பல்கலைக்கழகம், 2001-02 முதல் படித்து அரியர் வைத்திருந்தவர்களுக்கும் சிறப்பு வாய்ப்பு என்று அறிவித்தது. இருபது வருடம். அந்தச் சமயத்தில் என் அறைக்கு ஒருவர் வந்தார். தலை நரைத்தவர், அவருடைய பெண் பத்தாம் வகுப்பு படிக்கிறாளாம். அவருக்கு மீதி இருந்தது ஒரே ஒரு பேப்பர். அந்த ஒன்றையும் ஒரு காலத்தில் 'அப்புறம்' என்று வைத்தவர்தான். அதேபோல 2020 ஆகஸ்டில், கொரோனா காலத்தில், அரியர் தேர்வுகள் ரத்து, கட்டணம் கட்டியவர்கள் எல்லாம் பாஸ் என்று அரசு அறிவித்ததும் இங்கே போஸ்டர் எல்லாம் ஒட்டிக் கொண்டாடினார்கள். பிறகு விவகாரம் உயர் நீதிமன்றம் போய், அது செல்லாது, தேர்வு நடத்தத்தான் வேண்டும் என்று ஆனது. நடுவில் அந்த எட்டு மாதத்தை நம்பிப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

இனி கேட் தேர்வு. அதை மூன்றாம் ஆண்டிலிருந்தே எழுதலாம், பட்டம் வாங்கிய பிறகும் எழுதலாம், வயது வரம்பு கிடையாது, மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். மாணவனாக இருந்தால்தான் படிக்க முடியும் என்று எதுவும் இல்லை. இன்னொரு பக்கம் பார். நல்ல மதிப்பெண் வந்து எம்.டெக். இடம் கிடைத்தால், குறித்த தேதிக்குள் நீ பட்டப்படிப்பை முடித்த சான்றைக் காட்ட வேண்டும். அந்த நேரத்தில் உன் புராஜெக்ட் தொங்கிக்கொண்டிருந்தால் இடம் போச்சு.

அரசு வேலையும் அப்படித்தான். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 போன்ற தேர்வுகளுக்கு, அறிவிப்பு வந்த தேதியில் பட்டம் இருக்க வேண்டும். தேர்வு நடக்கும் நாளில் இருந்தால் போதாது. பட்டதாரிகளுக்கான மத்திய அரசுத் தேர்வுகளிலும் ஒரு கட்-ஆஃப் தேதி இருக்கும். நீ ஒரு வருடம் தள்ளிப்போட்டால் அந்த வருடம் வருகிற அறிவிப்புகள் எல்லாம் உன் கண் முன்னால் கடந்து போகும். குரூப் 4 மட்டும் பத்தாம் வகுப்புத் தகுதி, அதை நீ இப்போதே எழுதலாம். எழுதினாயா? பெரும்பாலான பொறியியல் பையன்கள் அதை மதிப்பதில்லை. நான் மதிக்கிறேன்.

அப்புறம், நம் பகுதியில் இருந்துகொண்டே யாரும் பேசாத ஒன்று, பட்டதாரித் தொழிற்பழகுநர் பயிற்சி. மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையான சி.பி.சி.எல்., மின்வாரியம் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் பொறியியல் பட்டதாரிகளை ஓராண்டு அப்ரென்டிஸாக எடுக்கின்றன. தரமணியில் இருக்கும் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் வழியாக, நாட்ஸ் என்ற இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும். 2019-ல் திருத்திய விதிப்படியே பட்டதாரிகளுக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை. நிரந்தர வேலை இல்லைதான். ஆனால் ஒரு வருடம் முடிந்ததும் கையில் சான்றிதழ் இருக்கும். "அந்த வருஷம் என்ன பண்ணீங்க?" என்ற கேள்விக்கு நேரான பதில் இருக்கும். இதற்கு விண்ணப்பிக்கப் பட்டம் முடித்திருக்க வேண்டும். நிறுத்தி வைத்தவனுக்கு இதுவும் இல்லை. மணலி புகையை இருபது வருடமாகச் சுவாசித்தவன், அந்தக் கேட்டுக்குள் ஒரு வருடம் சம்பளத்தோடு போய் வருவதற்கு என்ன தயக்கம்?

கடன் விஷயத்தில் சீனியர் சொன்னது பாதி சரி. கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதன் மேல் ஓராண்டும் தவணை கிடையாது. குறித்த காலத்தில் படிப்பை முடிக்க முடியாமல் போனால் இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கவும் வங்கிகளின் மாதிரித் திட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அது தானாக நடக்காது. நீ போய் மேனேஜரிடம் எழுதிக் கொடுத்து, அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். சொல்லாமல் விட்டால், கடன் கொடுத்த அன்று கோப்பில் எழுதிய தேதிதான் தேதி. அன்றைக்குப் பணம் வராவிட்டால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறாயா என்று காட்டும் உன் சிபில் மதிப்பெண்ணில் கறை. நீட்டித்தாலும் வட்டி தூங்காது. பத்து சதவீதம் என்று வைத்தால்கூட நான்கு லட்சத்துக்கு ஒரு வருடத்துக்கு 40,000 ரூபாய். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, மத்திய அரசின் வட்டி மானியத் திட்டத்தில் உன் கடன் இருந்தால், படிப்புக் காலமும் மேற்கொண்டு ஓராண்டும் அரசு வட்டி கட்டும். நீயாக இழுத்த ஆண்டுக்கும் கட்டும் என்று நம்பிக் கணக்குப் போடாதே. முதல் பட்டதாரிச் சலுகை, மாதம் ஆயிரம் ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் உதவி, இதெல்லாம் படிப்பின் இயல்பான காலத்துக்குத்தான். இதையெல்லாம் அப்பாவிடம் உட்கார்ந்து எழுதிக் காட்டு. எண்ணூர் விரைவுச் சாலையில் ராத்திரி முழுக்க க்யூவில் லாரியை நகர்த்திக்கொண்டிருப்பவருக்கு 40,000 என்பது எத்தனை டிரிப் என்று உன்னைவிட நன்றாகத் தெரியும்.

இவ்வளவு கணக்கும் உனக்கே கொஞ்சம் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். உன் கடிதத்தில் வேறொரு வரிதான் என்னை நிறுத்தியது. "மே மாசத்துக்கு அப்புறம் தெருவில் என்ன சார் சொல்றது" என்று எழுதியிருக்கிறாய். அதுதான் உண்மையான கேள்வி. ரிவ்யூவும் பிளேஸ்மென்ட்டும் அதற்கு மேல் போர்த்திய துணி.

நம் ஏரியாவில் வாசல்கள் நெருக்கம். காலையில் பல் தேய்க்க வெளியே வந்தாலே நாலு பேர் விசாரிப்பார்கள். "படிக்கிறான்" என்று அம்மா சொன்னால் அத்தோடு போய்விடுவார்கள். "முடிச்சிட்டான், வேலை தேடுறான்" என்றால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்த கேள்வி வரும். மூன்றாவது மாதம் "சும்மா இருக்கானாம்" என்று ஆகிவிடும். மாணவன் என்ற சொல் ஒரு குடை மாதிரி. அதை மடக்க உனக்குப் பயமாக இருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, எனக்கும் இருந்தது. ஆனால் அந்தக் குடைக்கு வருடம் 40,000 வட்டியும், ஒரு வருடச் சம்பளமும், பதிவு எண்ணில் ஒரு கேள்விக்குறியும் கொடுப்பதா என்று யோசி. அதைவிட மலிவான குடைகள் இருக்கின்றன. அப்ரென்டிஸ் ஒன்று. பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரி வளாகத்தில் அரசே நடத்தும் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் இன்னொன்று. கட்டணம் இல்லை, மெட்ரோவில் வந்தால் கல்லூரி பெயரிலேயே நிறுத்தம். கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்திலும் உட்கார்ந்து படிக்க இடம் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புகிறவனைத் தெரு அவ்வளவாகக் கேள்வி கேட்பதில்லை. இது நான் கண்ட உண்மை.

இப்போது என் கதை. 1994, பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு. அப்பா துறைமுகத்தில் சுமை வேலை. மூட்டை சரிந்து காலில் விழுந்து, ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் படுக்கை. வீட்டில் மூத்தவன் நான். பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் பகலில் உட்கார்ந்து பில் அடித்தேன். கல்லூரிக்கு எப்போதாவது போவேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, சொல்லக் கூச்சம். தேர்வு நேரத்தில் வருகைப்பதிவு போதவில்லை என்று ஹால் டிக்கெட் வரவில்லை. அப்போதுதான் கல்லூரி அலுவலகத்தில் இருந்த வயதான கிளார்க் ஒருவர் கேட்டார்: "ஏன்யா, டிசம்பர்லயே ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்திருந்தா பிரின்சிபால் ஏதாவது வழி பண்ணியிருப்பாரே?" எனக்கு அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. முதல் தலைமுறையின் பெரிய நஷ்டம் அதுதான். கட்டணம்கூட எப்படியோ கட்டிவிடுவோம். எந்த மேஜைக்குப் போய் எந்தக் காகிதத்தைக் கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் ஆள் இருக்காது.

அதனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பட்டம் தள்ளிப்போவது எப்போதும் தப்பு என்று நான் சொல்லவில்லை. உனக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் ஒருவர் படுத்துவிட்டார், மனசு உடைந்து படிக்கவே முடியவில்லை என்றால் தாராளமாக நிறுத்து. ஆனால் கதவு வழியாக வெளியே போ, சுவர் ஏறிக் குதிக்காதே. அண்ணா பல்கலைக்கழக விதியில் அதற்குக் கதவுகள் இருக்கின்றன. தேர்விலிருந்து விலகல் என்று ஒன்று, படிப்புக் காலத்தில் ஒரே ஒருமுறை, தகுந்த காரணத்தோடும் மருத்துவச் சான்றோடும் முன்கூட்டியே விண்ணப்பித்தால் அந்தத் தேர்வு நீ எழுதாததாகவே கருதப்படும். பதிவுசெய்துவிட்டு சும்மா போகாமல் இருந்தால், எழுதித் தவறியதாகக் கணக்கு. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று, மதிப்பெண் சான்றிதழில் இரண்டும் வேறு. நீண்ட நாள் நோய் என்றால் அனுமதி பெற்ற படிப்பு இடைவெளி, ஓராண்டு. அதைச் சேர்த்து ஐந்தாண்டில் முடித்தாலும் டிஸ்டிங்ஷன்கூடப் போகாது. ஒரே ஒரு எச்சரிக்கை: திரும்பி வரும்போது பாடத்திட்டம் மாறியிருந்தால் புதிய விதிதான் பொருந்தும், கூடுதலாகச் சில பாடங்கள் எழுத நேரலாம். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கி 65-க்கு மேல் இருந்தால், மருத்துவக் காரணத்தைக் காட்டி அனுமதி வாங்கலாம். 65-க்குக் கீழே போனால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும்.

நான் தாமதமாக வாங்கிய பட்டத்தைப் பற்றி அதன் பின் எல்லா நேர்காணலிலும் கேட்டார்கள். "அப்பாவுக்கு அடிபட்டது, வேலைக்குப் போனேன்" என்று சொல்வேன். யாரும் அதற்கு மேல் தோண்டவில்லை. ஒருவர் எழுந்து கைகூடக் கொடுத்தார். அந்த வருடம் பில் ஆஃப் லேடிங், ஷிப்பிங் பில் போன்ற கப்பல் சரக்குக் காகிதங்கள் எல்லாம் கற்றேன், அதுவே பிறகு ஒரு வேலையும் வாங்கிக் கொடுத்தது. ஆனாலும் சொல்கிறேன், அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுத்திருந்தால் அதே வேலையை ஒரு வருடம் முன்பே பார்த்திருப்பேன்.

அரியர் நிறைய வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. உங்களுக்கு இது தேர்ந்தெடுக்கிற கேள்வி இல்லை, தள்ளிப்போனது போனதுதான். ஒரே செமஸ்டரில் எட்டு பேப்பரையும் கட்டணம் கட்டி எழுதி, எட்டிலும் கோட்டை விடுவதைவிட நான்கு நான்காகப் பிரித்து எழுதுங்கள். ஆனால் ஐந்தாம் ஆண்டைத் தாண்டவிடாதீர்கள், முதல் வகுப்பு அங்கேதான் முடிகிறது.

உன் தங்கை விஷயம் வேறு. 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. வெளியிட்ட கட்டமைப்புப்படி மூன்று ஆண்டில் 120 கிரெடிட்டோடு (படித்து முடித்த பாடங்களின் அளவு) வெளியே வரலாம், நான்காம் ஆண்டும் படித்து 160 ஆக்கினால் ஹானர்ஸ். முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் இருந்தால் ஆராய்ச்சியோடு கூடிய ஹானர்ஸ். நான்கு ஆண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர்கள் எம்.எஸ்சி. இல்லாமலே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். இது சீனியர் சொன்ன மாதிரி இழுக்கிற ஆண்டு இல்லை. அதற்கென்று கிரெடிட்டும் பட்டத்தில் ஒரு பெயரும் உண்டு. ஆனால் இது மத்தியப் பல்கலைக்கழகங்களிலும் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் நடக்கிறது. நம் அரசுக் கல்லூரிகளில் பி.எஸ்சி. இன்னும் மூன்று ஆண்டுதான், இந்த நான்காம் ஆண்டைக் கொண்டுவந்த தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. ஆகவே அவள் முன்னால் அந்தக் கேள்வியே இல்லை. தோழி யாராவது நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் நான்காம் ஆண்டு படிக்கிறாள் என்பதற்காக இவள் ஏங்க வேண்டாம். மூன்று ஆண்டை முடித்துவிட்டு எம்.எஸ்சி. இரண்டு ஆண்டு படிக்கட்டும். எம்.எஸ்சி. சேர்வதற்கான ஐ.ஐ.டி. ஜாம் தேர்வைக் கடைசி ஆண்டிலேயே எழுதலாம், கணிதத்துக்கு அது நல்ல வழி. கம்ப்யூட்டர் பக்கம் ஆசை என்றால் சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழி டேட்டா சயின்ஸ் பட்டத்தை இந்த பி.எஸ்சி.யோடு சேர்த்தே படிக்கலாம், ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022 முதல் யு.ஜி.சி. அனுமதிக்கிறது. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் பணம் வருகிறதா என்று கேள். அந்தத் திட்டத்தை 2022 செப்டம்பரில் தொடங்கி வைத்ததே நம் பாரதி மகளிர் கல்லூரியில்தான். கிடைக்க வேண்டியதை வாங்காமலே விட்டவர்கள் இங்கே நிறைய.

உன் புராஜெக்ட் என்ன என்று கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருந்தாய், எண்ணூர்க் கழிமுகத்தில் தண்ணீர் கலங்கலையும் உப்பையும் அளந்து போனுக்கு அனுப்புகிற கருவி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே எண்ணெய் பரவி, வலையும் படகும் கறுத்துப்போனதை நீயே பார்த்தவன். ஆறு கம்பெனியில் இதைப் பற்றிப் பேசினாயா? பேசியிருக்க மாட்டாய். ஆப்டிட்யூட்டிலேயே வடிகட்டியிருப்பார்கள், அல்லது நீயே இதெல்லாம் ஒரு விஷயமா என்று விட்டிருப்பாய். எனக்கு அது ஒரு நல்ல விஷயமாகப் படுகிறது. இப்படிக் கருவிக்குள்ளேயே மென்பொருளை வைத்துச் செய்யும் எம்பெடட் பக்கம் சின்ன கம்பெனிகள் கிண்டியிலும் அம்பத்தூரிலும் இருக்கின்றன. அவர்கள் கேம்பஸுக்கு வர மாட்டார்கள், நேரில் போய்க் காட்ட வேண்டும். வேலை செய்கிற கருவி ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைப்பவனை அவர்கள் உட்கார வைத்துப் பேசுவார்கள்.

ரிவ்யூ வியாழக்கிழமை என்று எழுதியிருக்கிறாய். கருவியை ஒருமுறை காசிமேட்டுத் தண்ணீரிலும் போட்டுப் பார்த்து அந்த எண்களையும் ரிப்போர்ட்டில் சேர்த்துவிடு. ரிப்போர்ட் பிரதிகளைச் செவ்வாய்க்கிழமையே பைண்டிங்குக்குக் கொடு. புதன்கிழமை மின்ட் பக்கம் எல்லா ஜெராக்ஸ் கடையிலும் உன்னை மாதிரி நாற்பது பேர் நிற்பார்கள்.